மூன்று மல்கோவாவும் ஒரு வடுவும்

கோடை விடுமுறையில் உபாத்தியாயர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று ஊரில் பலருக்குச் சந்தேகம் உண்டு. மற்றவர்களைப் பற்றி நான் சாட்சி சொல்ல முடியாது. என்னைப் பொறுத்தவரையில், ஏழெட்டு வருஷங்களாக மே மாதம் முழுவதும் பழங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடுவதற்காக அல்ல, சித்திரம் எழுதுவதற்காக. "இந்த வீட்டில் பழம் வாங்கினால் முதலில் கண்ணுக்கு நைவேத்தியம், அப்புறந்தான் வாய்க்கு" என்று என் மனைவி சொல்வாள். அதில் உள்ள குத்தலைக் கவனிக்காதவன் போல் இருந்துவிடுவது என் வழக்கம்.

நான் சித்திரக்காரன் அல்லன். கலாசாலையில் படித்தது சரித்திரம். ஒரு சமயம் வகுப்பில் செஞ்சிக் கோட்டையைக் கரும்பலகையில் வரையப் போய், அது படுத்திருக்கும் யானையாக முடிந்தது, பையன்கள் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் ஆரம்பித்த வேலை இது. மனிதரை எழுதினால் எழுதப்பட்டவர் கோபித்துக்கொள்கிறார். மாட்டை எழுதினால் அது நடந்து போய்விடுகிறது. பழம் ஒன்றுதான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஆட்சேபமும் சொல்லாது என்று எண்ணினேன். அந்த எண்ணம் இந்த வருஷம் தவறிப்போயிற்று.

இத்தகைய படத்துக்கு இங்கிலீஷில் 'ஸ்டில் லைஃப்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய், 'செத்த இயற்கை' என்று பொருள்படும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் யாராக இருந்தாலும், மே மாதத்துச் சேலம் ஜில்லாவில் மாம்பழத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களாக இருக்க முடியாது. பறித்த பிறகும் மாம்பழம் மூச்சு விடுகிறது. எதிலீன் என்னும் வாயுவை அது வெளியிடுகிறது. அந்த வாயு அதையும் பழுக்கச் செய்து, பக்கத்தில் இருப்பதையும் பழுக்கச் செய்கிறது. திங்கட்கிழமை கலந்த பச்சை வர்ணம் புதன்கிழமை பழத்துக்குப் பொருந்துவதில்லை. ஸெஸான் என்னும் பிரெஞ்சுச் சித்திரக்காரர் (1839–1906) வாழ்நாளெல்லாம் ஆப்பிளை எழுதினார். வேலையில் அவர் அவ்வளவு நிதானம். 1899-ஆம் வருஷம் வொல்லார் என்ற சித்திர வியாபாரியின் உருவத்தை எழுதியபோது அவரை 115 தடவை உட்கார வைத்தாராம். ஒரு நாள் வொல்லார் தூங்கிக் கீழே விழுந்துவிட, ஆப்பிள் அசையுமா என்று ஸெஸான் அவரைக் கடிந்துகொண்டதாக வொல்லாரே எழுதியிருக்கிறார். ஆப்பிளானபடியால் அவர் பிழைத்தார். மல்கோவாவை 115 தடவை உட்கார வைத்தால், கடைசியில் கொட்டையைத்தான் எழுத வேண்டும்.

இந்த வருஷத்து மல்கோவா கடையில் வாங்கியதன்று. என் தாயாரின் பிறந்த வீடு ஆத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறது; இருந்தது என்று சொல்ல வேண்டும். தை மாதத்தில் அது விலையாகிவிட்டது. கொல்லையில் என் பாட்டனார் வைத்த ஒட்டு மாமரம் ஒன்று கிணற்றடியில் நின்றது. வாங்கியவர் அங்கே கட்டடம் எழுப்பப் போகிறார். இந்தக் காய்ப்போடு சரி. மாமா வைக்கோல் பரப்பிய கூடையில் ஏழு பழங்களை அனுப்பியிருந்தார். நாலு பழம் அன்றைக்கே அக்கம்பக்கத்துக்கும் குழந்தைகளுக்கும் போயிற்று. மிச்சம் மூன்றையும் நான் ஜப்தி செய்துவிட்டேன்.

"அம்மாவுக்கு ஒரு துண்டாவது கொடுக்க வேண்டாமா?" என்றாள் மனைவி. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. வைத்தியர் ஒரு கீற்றுக்கு உத்தரவு கொடுத்திருக்கிறார். "நன்றாகப் பழுக்கட்டும்" என்று நான் நியாயம் பேசினேன். உண்மையில் எனக்குப் பழம் வேண்டியிருந்தது. இனிமேல் அந்த மரத்தில் காய்க்காது. ஒரு படமாவது மிஞ்சட்டும் என்று எனக்குள் ஒரு பெருமையான எண்ணமும் இருந்தது.

எங்கள் வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் அடியில் தையல் இயந்திரம் இருக்கிறது. அந்த ஜன்னலில் வெளிச்சம் ஓரளவு சீராக வரும். நிழல் அரை மணிக்கு ஒரு தரம் இடம் மாறாது. ஆகவே ஒவ்வொரு மே மாதமும் தையல் இயந்திரம் கூடத்துக்குக் குடிபோகிறது. ஜன்னலடியில் மேஜையைப் போட்டு, மற்றக் கதவுகளைச் சாத்திவிட வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் பழம் தட்டையாகிவிடும். உருண்டை என்று கண்ணுக்குச் சொல்வது நிழல்தான். பித்தளைத் தட்டில் மூன்றையும் வைத்தேன். இரண்டு சேர்ந்தாற்போல், ஒன்று சற்று விலகி. இந்த ஏற்பாட்டுக்கே திங்கட்கிழமை காலை முழுவதும் ஆயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றும். ஆனால் இங்கே பிசகினால் பிறகு எந்த வர்ணமும் காப்பாற்றாது.

பென்ஸில் வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மல்கோவா உருண்டை போல் ஏமாற்றும். உண்மையில் ஒரு தோள் உயர்ந்து மறு தோள் சரிந்திருக்கும். அந்தச் சரிவைப் பிடித்தால் பழம் வந்துவிட்டது.

சிரமம் ஜலவர்ணத்தில்தான். அதில் வெள்ளை வர்ணம் கிடையாது என்று வைத்துக்கொள்வது நல்லது. காகிதமே வெள்ளை. பழத்தின் தோளில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று விழும் இடத்தைத் தூரிகை தொடாமல் விட்டுவிட வேண்டும். முதலில் விட்டால் விட்டதுதான், தொட்டால் தொட்டதுதான். வெளிறிய மஞ்சளை நிறையத் தண்ணீரில் கரைத்து மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். மேநாட்டுப் புஸ்தகங்களில் 'காயும் வரையில் பொறுத்திரு' என்று போட்டிருக்கும். நம் ஊரில், தூரிகை பாதி வழி போவதற்குள் மேல் பாதி காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது! நான் கண்ட வழி, நனைத்துப் பிழிந்த துணியைக் காகிதத்துக்கு அடியில் விரிப்பது. மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். அந்த வேர்வைக்கு ஈடாகத்தான் மாம்பழம் பின்னால் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

நிழலில் நான் மூன்று வருஷம் தவறு செய்தேன். நிழல் என்றால் கறுப்பு என்று நினைத்து மஞ்சளோடு கறுப்பைச் சேர்ப்பேன். அது நிழலாகாது, பாசி பிடித்த பச்சையாகும். ஷெவ்ரூல் என்ற ரசாயன சாஸ்திரி பாரிஸில் கொபலான் நெசவுச் சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். கறுப்பு நூல் மங்கலாய்த் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தால் குற்றம் சாயத்தில் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நூலின் வர்ணம் கண்ணை மாற்றியிருந்தது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிரான சாயலில் காட்டும் என்பதை 1839-இல் பெரிய நூலாக வெளியிட்டார். மஞ்சளுக்கு எதிர் ஊதா. மஞ்சள் பழத்தின் நிழலில் கொஞ்சம் ஊதாவை ஓடவிட்டபோதுதான் என் பழங்கள் முதன்முதலாகத் தட்டில் உட்கார்ந்தன, அதுவரையில் மிதந்துகொண்டிருந்தன.

வியாழக்கிழமை மாலையில் படம் முடிந்தது. சொல்லக் கூடாது, எனக்குத் திருப்தியாகவே இருந்தது. பித்தளைத் தட்டின் பொன்னிறம் பழத்தின் அடிவயிற்றில் எதிரொளிப்பதுகூட வந்திருந்தது. நேரே அம்மாவிடம் கொண்டு போனேன்.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. மாசி மாதத்தில் வலக்கண்ணில் கண்புரையை எடுத்து வில்லை வைத்திருக்கிறார்கள். இடக்கண் இன்னும் பாக்கி. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் மாறி மாறிப் பார்ப்பது அவளுக்கு இப்பொழுது ஒரு பொழுதுபோக்கு. "இந்தக் கண்ணுக்கு உன் வேஷ்டி புளிக்கரைசலில் தோய்த்தது போல் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு நீலம் போட்டது போல் இருக்கிறது" என்பாள். அது கற்பனை அல்ல. புரை விழுந்த வில்லை மஞ்சளாகப் பழுத்து நீல நிறத்தைத் தடுத்துவிடுகிறது. மொனே என்னும் பெரிய சித்திரக்காரருக்கு 1923-ஆம் வருஷத்தில், எண்பத்திரண்டாம் வயதில், வலக்கண்ணில் இதே சிகிச்சை நடந்தது. பிறகு உலகமெல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவரும் முறையிட்டார்.

அம்மா முதலில் புளிக்கரைசல் கண்ணால் பார்த்தாள். பிறகு நீலக் கண்ணால் பார்த்தாள். பிறகு, "நன்றாயிருக்கிறது. எந்தக் கடையில் வாங்கினாய்?" என்றாள்.

"நம் மரத்துப் பழம் அம்மா. மாமா அனுப்பியது" என்றேன்.

"நம் மரத்துப் பழத்தில் வடு இருக்குமேடா."

நான் பேசவில்லை. வடு இருந்தது. விலகியிருந்த பழத்தின் கன்னத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, மரப்பட்டை போல் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஒரு தழும்பு. அதை நான் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு அழகு குறைவு என்று விட்டுவிட்டேன். தட்டைத் திருப்பி வைத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யாமல், கண்ணெதிரே இருந்ததை இல்லை என்று எழுதியிருந்தேன். மிலான் நகரத்து அம்புரோசியானாவில் கரவாஜ்ஜோ எழுதிய பழக்கூடை இருக்கிறது. நானூறு வருஷத்துப் படம். அதில் ஆப்பிளில் புழுத்துளை இருக்கும், இலைகள் வாடிச் சுருண்டிருக்கும். பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி, உண்மைக்கு அஞ்சாத கை என்று நான் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

அம்மா சொன்னாள்: "கிணற்றடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு கிளை தாழ்ந்து வரும். காற்றடித்தால் காய் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். எங்கள் அப்பா அந்தக் கிளையை வெட்ட விடமாட்டார். குழந்தைகளுக்கு எட்டுகிற கிளை அது ஒன்றுதான். வடு உள்ள பழம் எங்களுடையது, மற்றதெல்லாம் சந்தைக்கு."

அன்று இரவு படத்திலேயே வடுவைச் சேர்க்கப் பார்த்தேன். ஜலவர்ணத்தில் வெளிறியதன் மேல் அடர்ந்ததைப் போடலாம். அடர்ந்ததன் மேல் வெளிறியதைப் போட முடியாது. வடுவோ சுற்றியிருந்த பச்சையைவிட வெளிறியது. ஈரத் தூரிகையால் வர்ணத்தை எடுக்கப் பார்த்தேன். காகிதத்தில் பஞ்சு கிளம்பிற்று. கடைசியில் மானத்தை விட்டு வெள்ளை வர்ணத்தைத் தொட்டு வைத்தேன். காக்கை எச்சமிட்டது போல் ஆயிற்று. படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வீடெங்கும் மணம். ஒரு பழத்தின் காம்படியில் கறுப்புப் புள்ளி தோன்றியிருந்தது. "இன்று நறுக்காவிட்டால் நாளை எறிய வேண்டியதுதான்" என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். பத்து மணி வரையில் தவணை கேட்டு, புதுக் காகிதத்தில் வடு உள்ள பழத்தை மட்டும் எழுத ஆரம்பித்தேன். இந்தத் தடவை முதலில் வடு. அதன் சாம்பல் நிறத்தை வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் பழத்தை வளர்த்தேன். கிட்டத்தில் பார்த்தபோதுதான் அது வெறும் சாம்பல் அல்லவென்று தெரிந்தது. ஓரத்தில் தோல் சற்றே இழுபட்டு, அந்த இடத்தில் பச்சை அதிகமாகி, நடுவில் மயிரிழை போல் வெடிப்புகள். அதற்கே எட்டரை மணி ஆகிவிட்டது. தோளில் வெளிச்சத்துக்கு விட்ட இடம் கொஞ்சம் பெரிதாகப் போயிற்று. நிழல் அவசர நிழல். தட்டுக்கு விளிம்புக் கோடு மட்டும் போட்டிருந்தேன். அதற்குள் கத்தியோடு மனைவி வந்து நின்றாள்.

அம்மாவுக்கு அவள் பங்கு ஒரு கீற்று. அதை அவள் வெகுநேரம் வைத்துச் சாப்பிட்டாள். என் பெண் கொட்டையைக் கழுவித் தொட்டியில் புதைக்கப் போனாள். ஒட்டுமரத்துக் கொட்டையிலிருந்து அதே பழம் வராது, வேறு ஏதாவதுதான் வரும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். "நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

சாயங்காலம் படத்தை அவளிடம் கொடுத்தேன். இரண்டு கண்ணாலும் சேர்ந்தே பார்த்தாள். வடுவின் மேல் விரலை வைத்துத் தடவினாள். வர்ணம் கலையுமே என்று எனக்குப் பயம், சொல்லவில்லை.

"தட்டுத்தான் முடியவில்லை, அம்மா. நேரம் போதவில்லை" என்றேன்.

"தட்டுத்தான் அடுக்களையிலேயே இருக்கிறதே. அதை எதற்கு எழுதுகிறாய்?" என்றாள்.