தந்திரமாம், தந்திரம்

கிளிங்கான் ஆர்வலர்கள் இதற்கு ‘முன்னொட்டுத் தந்திரம்’ என்று பெயர் வைத்ததுதான் எனக்கு ஆகவில்லை. நிரலில் ஏதோ பேட்ச் போட்டு ஒப்பேற்றிய மாதிரி.

ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் கட்டிய மொழி. வினைக்கு முன்னால் வரும் ஒட்டே செய்பவரையும் செயப்படுபொருளையும் சேர்த்துச் சொல்லிவிடும். ‘வி’ என்றால் நான்–அதை. ‘கா’ என்றால் நான்–உன்னை. ‘உனக்குப் புத்தகம் தருகிறேன்’ என்பதை நீட்டிச் சொன்னால் ‘ஷோஹ்வாட் பாக் வினோப்’. (‘வாட்’ நம்ம ‘கு’ உருபு மாதிரி.) சுருக்கினால் ‘பாக் கானோப்’. 1985 அகராதியின் முன்னொட்டு அட்டவணைப்படி இது ‘புத்தகம், உன்னைத் தருகிறேன்’. உளறல்! ஆனால் கேட்கிறவருக்குக் குழப்பமே கிடையாது. தரப்படும் பொருள் முன்னாலேயே வந்தாச்சு. அப்ப ‘நீ’ வாங்கிக்கொள்பவர்தானே?

செயற்கை மொழிதானே, இஷ்டத்துக்கு வளைக்கலாம் என்பவர்கள் வளைத்துப் பார்க்கட்டும். பெறுபவர் தன்மையிலோ முன்னிலையிலோ இருந்தால்தான் இது செல்லும். அவளுக்கு, அவர்களுக்கு என்றால் ‘வாட்’ போட்டே ஆகணும். இதே எல்லையில்தான் தொல்காப்பியமும் நிற்கிறது: தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தா’, படர்க்கைக்குக் ‘கொடு’. எனக்குத் தா, அவனுக்குக் கொடு. அதைத் தந்திரம்னு யாராவது சொல்வாங்களா?