வரியும் வாக்கும்

அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றி எழுதப்படும் பாடநூல்கள் பல, வரிச்சுமை தாங்காத மக்கள் கிளர்ந்தெழுந்தனர் என்ற ஒற்றை வாக்கியத்துடன் அமைதி கொள்கின்றன. வரி கூடியது, கோபம் பிறந்தது, கோபம் போராகியது என்பது கேட்பதற்கு எளிய விளக்கம். ஆயின் அது பாதி உண்மையே. மறுபாதியை அறிய விரும்புவோர் பொஸ்ரன் துறைமுகத்தோடு நின்றுவிடாது, வலப்பனையின் வயல்களையும் தேயிலை மலைகளையும் நோக்குதல் வேண்டும்.

1765 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது முத்திரை வரியை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே மறு ஆண்டு அதனை மீளப்பெற்றது. அதே வேளையில், குடியேற்றங்களுக்கு எவ்விடயத்திலும் சட்டம் இயற்றும் உரிமை தனக்குண்டு எனவும் பிரகடனம் செய்தது. வரி போயிற்று, வரி விதிக்கும் அதிகாரம் நிலைத்தது. 1773 இல் வந்த தேயிலைச் சட்டமோ அங்கு தேயிலையின் விலையைக் குறைக்க வழிசெய்த சட்டமாகும். அவ்வாறிருந்தும் அவ்வாண்டு டிசம்பர் 16 இல் 342 பெட்டித் தேயிலை பொஸ்ரன் கடலில் வீசப்பட்டது. மலிவான தேயிலையை ஒரு மக்கட் கூட்டம் கடலில் எறியுமாயின், அதன் சினம் விலையைப் பற்றியதாக இருத்தல் இயலாது. எம்மைக் கேளாது எம்மீது வரி விதிக்க நீவிர் யார் என்பதே அங்கு எழுந்த வினா. அவ்வினாவுக்கு விடையாகத் துறைமுகம் மூடப்பட்டது, படை அனுப்பப்பட்டது. 1775 இல் போர் மூண்டது. 1776 யூலை 4 இல் சுதந்திரம் பிரகடனப்படுத்தப்பட்டது.

இலங்கையின் மலைநாட்டிலும் இதே வினா எழுந்ததுண்டு. 1847 இல் கோப்பி வர்த்தகம் வீழ்ச்சியுற்றது. திறைசேரியின் குறையை நிரப்பத் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். ஆண்டில் ஆறு நாள் வீதியமைக்க உழைக்க வேண்டும், அன்றேல் பணம் செலுத்த வேண்டும் என்றும் சட்டமாயிற்று. தோட்டத் துரைமாரின் கோப்பி மீதிருந்த ஏற்றுமதித் தீர்வையோ நீக்கப்பட்டது. 1848 யூலை தொடக்கத்தில் மக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு முறையிட்டனர். அம்மாத இறுதிக்குள் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். நாய் வரியில் தொடங்கிய முறையீடு ஒரு மாதத்துள் அந்நிய ஆட்சியை மறுக்கும் போராகிவிட்டது. இராணுவச் சட்டம் அதனை நசுக்கியது. ஓகஸ்ற் 8 இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

வலப்பனையின் துயரம் இதனினும் அமைதியானது, ஆகவே கொடியது. 1818 ஆம் ஆண்டுப் பிரகடனம் கண்டி நாட்டு வயல்களின் விளைவில் பத்தில் ஒரு பங்கை அரசுக்குரியதாக்கிற்று. பின்னர் அவ்வரி பணமாகக் கோரப்பட்டது. கோப்பிச் செடியை நோய் அழித்த பின் கிராமத்தவன் கையில் பணம் ஏது? 1880 களில் வரி நிலுவைக்காக வலப்பனையின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன, உழுதவர் வெளியேற்றப்பட்டனர், பலர் பட்டினியால் மாண்டனர். நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபர் லெ மெசூரியர் இதனை வெளிப்படுத்தினார். இலண்டனிலும் கண்டனம் எழுந்த பின்னரே, தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

வலப்பனை ஏன் பொஸ்ரன் ஆகவில்லை? பொஸ்ரன் வணிகனுக்குப் பத்திரிகையும் சட்டசபையும் கப்பலும் இருந்தன. வலப்பனை உழவனுக்கு இருந்ததெல்லாம் வயல் ஒன்றே. அதையும் ஏலக்காரன் கொண்டு சென்றான். சுதந்திர முழக்கமிட்ட அமெரிக்கர் தம் அடிமைகளுக்கு அச்சுதந்திரத்தை மறுத்தனர் என்பதும் மறத்தற்குரியதன்று. முழக்கம் எழுப்புவோர் அதனைத் தமக்கு மட்டும் உரியதாக்கிக் கொள்வது வரலாற்றின் பழைய நோய்.

அந்நோய் 1948 இல் இலங்கையையும் பற்றியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949 இன் தேர்தல் திருத்தம் வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. அக்காலத்தில் தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை அரச வருவாயின் பெருந்தூண்களுள் ஒன்றாக விளங்கியது. அத்தேயிலையைக் கிள்ளிய கைகளுக்கு அவ்வருவாயைப் பற்றி ஒரு சொல் கூறவும் உரிமையில்லை. தேயிலையின் பேரால் எழுந்த வினாவைத் தேயிலை நாடே மிதித்தது!

இதனை நியாயப்படுத்துவோர் கூறும் வாதம் ஒன்றுண்டு. கண்டிய உழவன் தன் நிலத்தைத் தோட்டங்களிடம் இழந்தான்; தோட்டத் தொழிலாளியின் வாக்கு அவன் குரலையும் விழுங்கிவிடும் என்பதே அது. இழப்பு மெய்யானது, குற்றவாளி மாற்றப்பட்டுள்ளான். காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கியது 1840 இன் சட்டம். வயலை விற்றது நெல்வரி. இரண்டிலும் தொழிலாளியின் கையொப்பம் இல்லை. உழவனின் வயலை ஏலமிட்ட அதே ஆட்சியே தொழிலாளியை லயத்தில் அடைத்தது. நியமன உறுப்பினர்கள் இருந்தனரே என்பாரும் உளர். குடியேற்றங்களுக்காகவும் தாமே பேசுவதாக இலண்டன் பாராளுமன்றம் கூறிய சமாதானமும் இதுவேயன்றோ?

காயங்கள் மெல்ல ஆறியுள்ளன. 1977 இல் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிற் தெரிவானார். 2003 இன் சட்டம் நாடற்ற நிலைக்கு முடிவு கட்டியது. எனினும் 1987 இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அத்தடை 2018 இலேயே திருத்தப்பட்டது. வாக்குக் கிடைத்த பின்னரும் லயத்துப் பாதைக்கு அவ்வாக்கின் பயன் எட்டாதிருந்த ஆண்டுகள் அவை.

இன்றும் இராகலைத் தோட்டத்துத் தாய் வாங்கும் பொருள்களில் வரி அடங்கியிருக்கிறது. வலப்பனை வயலோரத்துத் தாய் வாங்குவனவற்றிலும் அவ்வாறே. வரி அறவிடும்போது அரசு இவர்களிடையே இனபேதம் காண்பதில்லை. 1848 இன் வீரரைப் போற்றும் நாடு 1948 இன் அநீதியையும் அதே குரலிற் கூறட்டும். ஏலம் போன வயலும் பறிபோன வாக்கும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பதை இவ்விரு தாய்மாரின் பிள்ளைகளும் ஒருங்கிருந்து கற்கும் நாளிலேயே, வரி செலுத்துவோர் அனைவருக்கும் உரிய சுதந்திரம் இம்மலைகளை வந்தடையும்.