தேசிய கீதமும் மரியாதையின் அளவுகோலும்

பெப்ரவரி 4 நெருங்கும்போதெல்லாம் நம் நாட்டில் ஒரு கேள்வி தலைதூக்கும். இம்முறை சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்படுமா? 2016இல் காலிமுகத்திடலில் பாடப்பட்டது. 1949க்குப் பிறகு சுதந்திர தின அரச விழாவில் தமிழில் பாடப்பட்டது அதுவே முதல் தடவை. 2020இல் மீண்டும் சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டது. இதே காலப்பகுதியில் உலகின் விளையாட்டு மைதானங்களில் வேறொரு கேள்வி எழுந்தது. கீதம் ஒலிக்கும்போது மண்டியிட்ட வீரர்களும், வாய்திறவாமல் நின்ற வீரர்களும் தம் நாட்டை அவமதித்தார்களா? இவை இரண்டும் தொடர்பில்லாத விடயங்கள் போலத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். மரியாதை எது என்று தீர்மானிப்பது யார்?

அமெரிக்கன் உதைபந்தாட்ட வீரர் கொலின் கெப்பர்னிக் 2016 ஆகஸ்டில் கீதத்தின்போது எழும்பாமல் ஆசனத்திலேயே இருந்தார். கறுப்பின மக்கள் மீதான ஒடுக்குமுறையையும் பொலிஸ் வன்முறையையும் அதற்குக் காரணமாகச் சொன்னார். இராணுவத்தினரின் மனம் புண்படுகிறது என்ற விமர்சனம் வந்ததும், முன்னாள் இராணுவ வீரரான நேட் போயரைச் சந்தித்துப் பேசினார். அமர்ந்திருப்பதைவிட மண்டியிடுவது மரியாதையாக இருக்கும் என்பது போயரின் ஆலோசனை. செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் கெப்பர்னிக் மண்டியிட்டார். அதாவது உலகம் முழுதும் அவமதிப்பு என்று பேசப்பட்ட அந்தச் செயலே, எதிர்ப்புத் தெரிவித்தவரும் ஓர் இராணுவ வீரரும் கலந்து பேசி எடுத்த முடிவு. ஆனாலும் கோபம் தணியவில்லை. அந்தப் பருவகாலத்துக்குப் பிறகு எந்த அணியும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. 2017 செப்டெம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப், இப்படிச் செய்யும் வீரர்களை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று மேடையிலேயே பேசினார். 2020இல் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிஸாரால் கொல்லப்பட்ட பின்னர்தான், வீரர்களுக்குச் செவிசாய்க்காதது தவறு என்று லீக்கின் ஆணையாளர் ஒப்புக்கொண்டார். அப்போதும் கெப்பர்னிக்கின் பெயரை அவர் உச்சரிக்கவில்லை.

அவருக்கு 20 வருடங்களுக்கு முன்பே இதே சோதனையைச் சந்தித்தவர் ஒரு முஸ்லிம். 1991இல் இஸ்லாத்தை ஏற்ற மஹ்மூத் அப்துல் ரஊப், டென்வர் அணியின் முன்னணிக் கூடைப்பந்தாட்ட வீரர். கொடி ஒடுக்குமுறையின் அடையாளமாகவும் இருக்கிறது, தன் மார்க்க நம்பிக்கையோடு அது பொருந்தவில்லை என்று கருதி, 1995-96 பருவகாலத்தில் கீதத்துக்கு எழுந்து நிற்பதைத் தவிர்த்தார். உடைமாற்றும் அறையிலேயே தங்கிவிடுவார். இப்படி மாதங்கள் போயின. அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஊடகங்கள் அதைக் கேள்வியாக்கிய பிறகே புயல் கிளம்பியது. 1996 மார்ச் 12ஆம் திகதி அவர் இடைநிறுத்தப்பட்டார். பின்னர் ஓர் இணக்கம் காணப்பட்டது. அவர் எழுந்து நிற்பார்; ஆனால் கண்களை மூடித் தலைகுனிந்து துஆ கேட்பார். அந்தப் பருவகாலம் முடிந்ததும் டென்வர் அணி அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டது. அவர் சொன்ன காரணத்தைப் பற்றிப் பேசியவர்களைவிட, அவர் எப்படி நின்றார் என்று பேசியவர்களே அதிகம்.

நம் நாட்டில் கீதத்தைப் புறக்கணித்த வீரர்களின் கதை இல்லை. நம் கதை தலைகீழானது. இங்கே சிறுபான்மையினர் கீதத்தைப் பாடுகிறார்கள். பாடுவதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. 2010 டிசம்பரில் தமிழ் வடிவத்தை நிறுத்துவது பற்றி அமைச்சரவை ஆலோசித்ததாகச் செய்தி வந்தபோது, தமிழ்மொழிப் பாடசாலைகள் எல்லாம் கலங்கின. ஒரு நாட்டுக்கு ஒரு மொழியில்தான் கீதம் என்ற வாதம் உண்மையுமல்ல. சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் கீதம் உண்டு. தென்னாபிரிக்காவின் கீதம் ஒன்றுக்குள்ளேயே ஐந்து மொழிகள் இருக்கின்றன. நமது அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலும் கீதம் தமிழில்தான் இருக்கிறது.

கோபம் எவ்வளவு எளிதில் கிளம்புகிறது என்பதற்கு 2023 ஜூலை 30ஆம் திகதி கெத்தாராமவில் நடந்தது நல்ல உதாரணம். லங்கா பிரிமியர் லீக் கிரிக்கெட் தொடக்க விழாவில் பாடகி உமாரா சிங்ஹவன்ச கீதத்தைப் பாடிய விதத்தில் ஒரு சொல் மாறி ஒலித்தது என்று நாடே கொதித்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் விளக்கி மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. அதே கீதத்தை இயற்றிய ஆனந்த சமரகோனின் விருப்பத்துக்கு மாறாக 1961இல் அதன் முதல் வரியே மாற்றப்பட்டது. அடுத்த வருடம் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கீதத்தின் சொற்களுக்காகக் கொதிப்பவர்களில் எத்தனை பேருக்கு அதை எழுதியவரின் துயரம் தெரியும்?

ராகலையில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு 1949 என்ற வருடம் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. அந்த வருடம் பெப்ரவரியில் சுதந்திர விழாவில் தமிழிலும் கீதம் ஒலித்தது. அதற்கு மூன்று மாதங்களுக்குள், 1948 நவம்பரில்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களின் மொழிக்கு மேடையில் இடம் இருந்தது. அவர்களுக்கு நாட்டில் இடம் இருக்கவில்லை. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று காலைக்கூட்டத்தில் நம் முஸ்லிம் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே தமிழில் கீதம் பாடுகிறார்கள். ஆகவே தமிழில் பாடக் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கீதத்தை மதிப்பதும் அதைப் பாடும் மனிதரை மதிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும்.

இப்போது நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். 2022 நவம்பர் 21ஆம் திகதி கத்தார் உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கு எதிரான போட்டியின் முன், ஈரானிய வீரர்கள் தம் கீதத்தைப் பாடாமல் மௌனமாக நின்றார்கள். மஹ்சா அமீனியின் மரணத்தைத் தொடர்ந்து அந்நாட்டில் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான்கு நாள் கழித்து வேல்ஸ் அணியுடனான போட்டியில் பாடினார்கள். அப்துல் ரஊபை நினைத்துப் பெருமைப்படும் நம்மவர்கள் சிலர், இந்த மௌனத்தை மேற்குலகின் சூழ்ச்சி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டதை நான் கேட்டிருக்கிறேன். கெப்பர்னிக்கைத் திட்டியவர்களும் இதைத்தானே செய்தார்கள்? பகைமை நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பதே சூரா மாயிதாவின் 8ஆம் வசனம் தரும் பாடம். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாடசாலைகளுக்கு ஒரு நல்ல முன்மாதிரி பக்கத்து நாட்டில் இருக்கிறது. 1985இல் கேரளாவில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாததால் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், மரியாதையோடு மௌனமாக நிற்பது அவமதிப்பு ஆகாது என்று தீர்ப்பளித்து, அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது.

என் மாணவர்களுக்கு நான் எழுந்து நிற்கவே சொல்வேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் பிள்ளைகளின் ஒவ்வோர் அசைவும் எப்படிப் பார்க்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். நிற்பதும் பாடுவதும் இந்த நாடு நமதும்தான் என்று சொல்லும் ஒரு வழி. ஆனால் ஆலோசனை சொல்வது வேறு, தண்டிப்பது வேறு. நாளை ஒரு பிள்ளை, எந்தச் சமூகத்துப் பிள்ளையானாலும், கீதத்தின்போது வாய்திறக்காமல் நின்றால், ஆசிரியர்களாகிய நாம் அதட்டுவதற்கு முன் "ஏன் மகன், என்ன விசயம்?" என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலைப் பொறுமையாகக் கேட்கப் பழகினால், வளர்ந்தவர்களின் மைதானங்களில் நாம் பார்க்கும் கூச்சலில் பாதியாவது குறையும்.