கம்பத்துத் திராட்சையும் நம் பண்டிகைப் பந்தியும்

"கிறிஸ்து பிறப்பு விருந்தில் திராட்சை இரசம் வைக்கலாமா? வைத்தால் எந்த உணவோடு வைப்பது?" என்று சகோதரி ஒருவர் நம்மைக் கேட்டார். குடியை விட்டு ஓராண்டு நிறைந்த தம் கணவரும் அப்பந்தியில் அமர்வார் என்பதைத் தயக்கத்தோடு கூறினார். ஆகவே, நாவின் சுவையை மட்டும் எண்ணி இவ்வினாவுக்கு விடை கூறலாகாது.

நம் மதுரைக்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையை அறியாதார் யார்? முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கூடலூர், சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் பந்தல் பந்தலாக அது காய்த்துத் தொங்குகிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் மேனாட்டுப் பெயர். பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832-ஆம் ஆண்டில் திராட்சைக் கொடியைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. 2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடும் பெற்றது.

திராட்சையின் சிவப்பு அதன் தோலில் இருக்கிறது. சாறு தோலோடு சேர்ந்து புளிக்கும்போதே சிவப்பு இரசம் உண்டாகிறது. தோலிலும் விதையிலுமிருந்து வரும் துவர்ப்பு மிகுந்த இரசத்துக்குக் கொழுப்புள்ள ஆட்டிறைச்சி ஏற்றது. கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கும். பன்னீர்த் திராட்சையிலோ துவர்ப்பு குறைவு, மணம் மிகுதி. எனவே அதன் இரசம் இலேசான உணவுக்கே பொருந்தும். நம் மிளகுக்கறிக்கும் கறிதோசைக்கும் மது துணையாகாது. அது காரத்தின் எரிச்சலை மிகுவிக்கும். கேக்கோடு பருகுவது கேக்கினும் இனிப்பாக இருத்தல் வேண்டும், இல்லையேல் புளிக்கும்.

வீட்டிலேயே இரசத்தைப் புளிக்கவைக்க விரும்புவோர் ஒன்றை மறத்தலாகாது. உரிமமின்றி மது தயாரிப்பதை 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் தடை செய்கிறது.

இனி அச்சகோதரியின் கவலைக்கு வருவோம். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து வந்த, கெட்டுப்போகாத இயற்கை இரசமாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆயினும் மதுவை ஏற்க இயலாத குருக்கள், உரிய அனுமதியுடன், புளிப்பேறாமல் தடுக்கப்பட்ட திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. பலிபீடத்திலேயே பலவீனருக்கு இடமளிக்கப்படுமாயின், நம் வீட்டுப் பந்தியில் அளிக்கலாகாதா?

ஆதலால் இவ்வாறு செய்வோமாக: ஒரு கிலோ பன்னீர்த் திராட்சையைக் கழுவி, சிறிது நீர் விட்டு, தோலின் நிறம் இறங்கும்வரை இளந்தீயில் வேகவிடுங்கள். விதை நசுங்கினால் கசக்கும். எனவே மெல்ல மசித்து வடிகட்டுங்கள். வேண்டிய சர்க்கரையும் ஏலமும் துளி சுக்கும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் குளிர்பெட்டியில் வையுங்கள். புளிப்பேறுமுன், இரண்டொரு நாளில் பருகிவிடுங்கள். கறிதோசையின் காரத்தை அதன் குளிர்ச்சியும் இனிப்பும் தணிக்கும், கேக்குக்கும் ஏற்றது.

அதை அவருக்கு மட்டும் தனிக் குவளையில் ஊற்றாதீர்கள். அன்று வீட்டார் அனைவரும் அதையே பருகட்டும். ஓராண்டாகத் தனித்துப் போராடியவர், அன்றேனும் தம்மோடு வீடு முழுவதும் நிற்பதைக் காண்பாராக!