எலிகளில் நுரையீரல் தழும்பைத் தடுத்த ஸ்டீராய்டு உங்களுக்கும் உதவுமா?

ஹாட்ஜ்கின் லிம்போமா, விரைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அளிக்கப்படும் பிளியோமைசின் என்னும் மருந்து, சிலருடைய நுரையீரலில் தழும்பை உண்டாக்கக்கூடும். கடையத்திலிருந்து திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சிகிச்சைக்காகச் சென்று வருபவராயின், ஸ்டீராய்டு மாத்திரையை முன்கூட்டியே உட்கொண்டால் தழும்பைத் தவிர்க்கலாமா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். ஆய்வுக்கூட விலங்குகளில் அவ்வாறு தழும்பைக் குறைக்க முடிந்துள்ளது.

அச்சோதனை நடைபெறும் முறையைக் கவனியுங்கள். பெரும்பாலும் எலியின் மூச்சுக்குழாயில் பிளியோமைசின் ஒரே முறை செலுத்தப்படுகிறது. முதல் வாரத்தில் அழற்சி ஏற்படுகிறது. ஏறத்தாழ இரண்டாம் வாரம் முதல் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் படிந்து தழும்பாகிறது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும் மருந்து. ஆகவே தொடக்கத்திலேயே கொடுத்தால் தழும்பு குறைகிறது. தழும்பு படிந்தபின் கொடுத்தால் பெரும்பயன் இல்லை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்குமின் எலிகளில் இத்தழும்பைக் குறைத்தது. அதுவும் முன்னரே தொடங்கிக் கொடுக்கப்பட்டதுதான். வீட்டில் பருகும் மஞ்சள்பால் அதற்கு ஈடாகாது.

மனிதருக்கோ பாதிப்பு எந்நாளில் தொடங்கும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உட்கொண்டால் சர்க்கரை உயரும். உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய் தலைதூக்கக்கூடும். காரணம் அறியப்படாத மற்றொரு நுரையீரல் தழும்பு நோய்க்கு, பிரெட்னிசோன் அடங்கிய மும்மருந்துச் சிகிச்சை அமெரிக்காவில் ஆராயப்பட்டது. அம்மருந்துகளைப் பெற்றவர்களிடையே இறப்பு மிகுந்தமையால் 2011இல் அது நிறுத்தப்பட்டது.

இதனால் ஸ்டீராய்டே வேண்டாம் என்று கருதிவிடாதீர்கள். பிளியோமைசினால் ஏற்படும் அழற்சி தொடக்கத்திலேயே அறியப்பட்டால், அம்மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு அளிப்பதே வழக்கம். எனவே வறட்டு இருமலோ, படியேறுகையில் புதிதாக மூச்சிரைப்போ தோன்றினால் அடுத்த ஊசி நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். முதியோருக்கும், சிறுநீரகம் குன்றியோருக்கும், பீடி, சிகரெட் புகைப்போருக்கும் ஆபத்து மிகுதி. பீடி சுற்றும் தொழில் பரவியுள்ள நம் பகுதியில் இதனை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. பின்னாளில் அறுவை சிகிச்சை நேரின், பிளியோமைசின் பெற்றதை மயக்க மருத்துவரிடம் கூறுங்கள்; அவர் ஆக்சிஜன் அளவை அதற்கேற்ப அமைப்பார். மருத்துவர் எழுதித்தந்த ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்; அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.