பஸ்ஸில் 'ஓசி சீட்' என்று ஒன்று உண்டா?



பஸ் நிறுத்தத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு வார்த்தை 'ஓசி'. பாஸ் வச்சிருக்கிற நம்மைப் பார்த்தும் சொல்றாங்க, டவுன் பஸ்ஸில் ஏறுகிற அம்மாக்களைப் பார்த்தும் சொல்றாங்க. "காசு குடுத்தவன் நிக்கிறான், ஓசி உட்கார்ந்து வருது" என்று. இது சரியா? நம்ம நாகர்கோவில் பஸ்ஸின் கதை தெரிந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது என் கருத்து.

நம்ம ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. திருவனந்தபுரம் – கன்னியாகுமரி சாலையில் பஸ் ஓட்டும் பொறுப்பை அரசாங்கமே ஏற்றது. லண்டனில் பஸ் நிர்வாகம் பார்த்த சால்ட்டர் என்பவரை வரவழைத்தார்கள். இங்கிலாந்திலிருந்து சேஸிஸ் வந்தது, பாடி இங்கேயே கட்டினார்கள். 1938 பிப்ரவரி 20-ல் மகாராஜா சித்திரைத் திருநாள் சேவையைத் தொடங்கி வைத்தார். அன்று முப்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் வரிசையாகச் சென்றனவாம். மறுநாளே கன்னியாகுமரிக்கு வண்டி கிளம்பியது. தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம் எல்லாம் அந்த வழியில்தானே!

அந்தக் காலத்துக் கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம். ஆனால் அந்த பஸ்ஸிலும் முதல் வகுப்பு இருந்தது! முன்பக்க சீட்டுகள் அவர்களுக்கு, கட்டணம் ஒன்றரை மடங்கு. அதாவது அரசாங்க பஸ்ஸாக இருந்தாலும் எல்லோரும் சமம் இல்லை.

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. பஸ்ஸும் நம்மோடு இந்தப் பக்கம் வந்தது. 1974-ல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1983-ல் நாகர்கோவிலையே தலைமையிடமாகக் கொண்டு நேசமணி போக்குவரத்துக் கழகம் வந்தது. நம்ம மாவட்டம் தமிழகத்தோடு இணையப் போராடிய மார்ஷல் நேசமணியின் பெயர் அது. 1997-ல் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயரை எடுத்துவிட்டார்கள், நம்ம கழகம் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆனது. 2010-ல் திருநெல்வேலிக் கோட்டம் அமைந்தது, நாம் அதில் சேர்ந்தோம். பெயர் எத்தனை தடவை மாறினாலும் மக்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம்ம ஊருக்கு ரயில் வந்தது 1979-ல்தான்! பஸ் வந்து 41 வருஷம் கழித்து. அதுவரை காலேஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வெளியூர் போக இந்த பஸ்தான். இன்றைக்கும் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் ரயில் கிடையாது. அங்கிருந்து ஒரு பிள்ளை படிக்க வருகிறது என்றால் பஸ் வந்தால்தான் உண்டு.

இனி 'ஓசி'க்கு வருவோம். மாணவர் பாஸ் வந்தது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. நாம் கண்டக்டர் அண்ணனிடம் காசு கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. அரசுக்கு ஏது பணம்? நம்ம வீட்டில் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறதே! அப்படியென்றால் டிக்கெட் காசு வேறு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். இதை ஓசி என்று சொல்வது நியாயமா?

"கழகம் நஷ்டத்தில் ஓடுதே?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டீசல் வாங்கணும், டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கணும், பழைய வண்டியை மாற்றணும். ஆனால் நூலகத்தில் என்ன கலெக்‌ஷன் வருகிறது? அரசுப் பள்ளியில் லாபம் எவ்வளவு? யாரும் கேட்பதில்லையே! கலெக்‌ஷன் இல்லை என்று ஒரு மலையோர ஊரின் கடைசி டிரிப்பை நிறுத்தினால் கணக்கில் கொஞ்சம் டீசல் மிஞ்சும். ஆனால் அந்த ஊர்ப் பெண்பிள்ளை மாலை ஸ்பெஷல் கிளாசுக்கு இருக்க முடியாது. அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில் நடந்ததை மறக்க முடியாது. மீன் விற்றுவிட்டு வந்த ஒரு பாட்டியை நாற்றம் என்று சொல்லி பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பாட்டி அழுத வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். என்னைக் கேட்டால், 'ஓசி' என்ற வார்த்தையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வண்டியிலிருந்து இறக்காமலேயே ஒருத்தரைக் கீழே இறக்கிவிடுகிறது. 1938-ல் இருந்த முதல் வகுப்பு நம்ம டவுன் பஸ்ஸில் இப்போது இல்லை. அதை நம்ம வாயால் திரும்பக் கொண்டுவர வேண்டாமே!

பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. கிராமங்களின் முதல் டிரிப்பையும் கடைசி டிரிப்பையும் கலெக்‌ஷன் பார்த்து நிறுத்தாதீர்கள். பள்ளி விடும் நேரத்துக்குக் கூடுதல் வண்டி விடுங்கள்.

நண்பர்களே, நமக்கும் கடமை உண்டு. பொதுச்சொத்து என்றால் நம்ம சொத்து. சீட்டைக் கிழிக்கிறதும் கம்பியில் பேர் எழுதுகிறதும் நம்ம வீட்டுக் கதவை நாமே உடைக்கிற மாதிரி. ஃபுட்போர்டில் தொங்குவது வீரம் இல்லை. டிரைவர் அண்ணனுக்கு அது எவ்வளவு பயம் என்று யோசியுங்கள்.

அடுத்த முறை யாராவது 'ஓசி' என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். 1938-லிருந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே அவரும் ஸ்டாப் வந்து சேர்ந்துவிடுவார்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி