பாலைவனத்துக்குப் பச்சைச் சட்டை எதற்கு?

பாலக்கரை ரவுண்டானாவை ஒட்டிய சந்தில் ஒரு சின்னத் தையல் கடை. கல்லூரி மாணவர் ஒருவர் துணிப் பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் விரிக்கிறார். பச்சையும் கறுப்புமாக இலை இலையாக அச்சிட்ட துணி.

“பாய், இதுல ஒரு பேண்ட், ஒரு சட்டை. பாக்கெட் நிறைய வேணும்.”

“எங்க தம்பி போறீங்க, முதுமலைக்கா?”

“இல்ல பாய், ஜெய்சல்மர். டிசம்பர் லீவுல ஃப்ரெண்ட்ஸோட போறேன். கானமயில் படம் எடுக்கணும்.”

“பாலைவனத்துல இலை ஏது தம்பி? மணல்ல இதைப் போட்டுட்டு நின்னா, வெள்ளை வேட்டியில சாம்பார் கொட்டுன மாதிரித் தெரியும்.”

தையல்காரர் சொன்னதுதான் விஷயத்தின் சாரம். மறைவதற்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது. நிற்கிற மண் எந்த நிறமோ, அதுதான் மறைக்கும் நிறம். அடர்ந்த காட்டில் ஒளித்துவைக்கும் பச்சை, வறண்ட வெளியில் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பாடத்தை முதலில் கற்றவர்கள் வேட்டைக்காரர்களும் சிப்பாய்களும். பெஷாவரில் 1846-ல் உருவான ‘கைட்ஸ்’ படைதான் புழுதி நிற உடையை அணிந்த முதல் படைகளில் ஒன்று. ‘காக்’ என்றால் பாரசீகத்தில் மண், புழுதி. நம் ஊர் ஆட்டோக்காரர் போடும் காக்கிச் சட்டையின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இன்று நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடிவாளம் போட்டது. 1991-ல் வந்த திருத்தம் மிச்சமிருந்த கதவையும் சாத்தியது. துப்பாக்கி போய் கேமரா வந்தாலும், உடை பற்றிய பாடம் மாறவில்லை.

விலங்கின் கண்ணுக்கு எது தெரியும்?

மான் இனங்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புலியின் செம்மஞ்சள் கூட அவற்றுக்குப் புல்லின் நிறமாகவே படும். ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். அதனால் பாலைவனத்துக்கு நீல ஜீன்ஸ் வேண்டாம்.

சலவையிலும் கவனம் வேண்டும். துணி ‘பளிச்’சென்று தெரிவதற்காகச் சில சோப்புத் தூள்களில் ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடும். மண் நிறச் சட்டையை அதில் துவைத்தால் காசு கொடுத்து வாங்கிய பலன் போய்விடும். சாதாரண சோப்புக் கட்டி போதும். சொட்டு நீலமும் கூடாது.

பறவைகளின் கண் இன்னும் கூர்மை. நாம் பார்க்கும் நிறங்களோடு புறஊதாவையும் பல பறவைகள் பார்க்கும். எனவே நிறத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. அசையாமல் இருப்பதுதான் முக்கியம்.

என்ன தேர்ந்தெடுக்கலாம்?

● வெளிறிய காக்கி, சாம்பல் கலந்த பழுப்பு, காய்ந்த புல் நிறம். பேண்டும் சட்டையும் ஒரே நிறமாக இல்லாமல், ஒன்று சற்று அடர்த்தியாக இருந்தால் ஆள் உருவம் உடைந்து தெரியும்.

● பருத்திதான் நல்லது. நைலான் துணி நடக்கும்போது சரசரக்கும். ‘பர்ர்’ரென்று பிரியும் ஒட்டுப் பட்டைக்குப் பதில் பொத்தான் வைக்கச் சொல்லுங்கள்.

● முழுக்கை அவசியம். வெயிலுக்கும் ஆகும், முள்ளுக்கும் ஆகும்.

● ஜெய்சல்மரில் டிசம்பர் இரவும் விடியலும் நன்றாகக் குளிரும். சட்டை மண் நிறத்தில் இருந்து, மேலே சிவப்போ நீலமோ ஸ்வெட்டர் போட்டால் எல்லாம் வீண். அதுவும் மண் நிறத்திலேயே இருக்கட்டும்.

● முகமும் கையும் வெயிலில் மினுங்கும். அகல விளிம்புத் தொப்பியும் பழுப்புத் துண்டும் போதும். கைக்கடிகாரத்தையும் பளபளக்கும் பெல்ட் பக்கிளையும் கழற்றிவிடலாம்.

வாங்கியது சரிதானா என்று இங்கேயே பார்த்துவிடலாம். விராலிமலைப் பக்கம் காய்ந்த பொட்டலில் நண்பரை அந்த உடையோடு ஐம்பது அடி தள்ளி நிற்க வைத்து, செல்போனில் படம் எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஆள் மண்ணோடு கலந்தால் துணி சரி. கறுப்பாகத் துருத்திக்கொண்டு நின்றால் வேறு பாருங்கள்.

இது மட்டும் வேண்டாம்

ராணுவச் சீருடை போன்ற துணி வேண்டவே வேண்டாம். 2022 ஜனவரி 15 அன்று அறிமுகமான புதிய ராணுவச் சீருடையின் வடிவமைப்புக்கு ராணுவமே உரிமை பதிவு செய்திருக்கிறது. ராணுவத்தினர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு அப்படிப்பட்ட உடை அணிவது, பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைக்குரிய குற்றம். நோக்கம் அது இல்லையென்றாலும், ஜெய்சல்மர் எல்லை மாவட்டம். விளக்கம் சொல்லியே பாதிப் பயணம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. கானமயில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வறண்ட வெளிகளிலும் இருந்த பறவை. வேட்டையும் வாழிட இழப்பும் அதை இங்கிருந்து துடைத்தெடுத்துவிட்டன. இன்று இந்தியா முழுக்கக் கணக்கெடுத்தாலும் இருநூறைத் தொடாது. தரையில், பொதுவாக ஒரே ஒரு முட்டை இடும். அதனால் மறைப்பு உடை என்பது கிட்டே போவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல. தூரத்தில் இருந்தே அதைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்குத்தான். மேய்வதை நிறுத்திப் பறவை தலை தூக்கிப் பார்த்தால், ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும்.

பாலக்கரைக் கடையில் பாய் பச்சைத் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“உங்க மாமா ஆட்டோ ஓட்டுறாருல்ல தம்பி? வெளுத்துப்போன பழைய காக்கி ரெண்டு இருந்தா வாங்கிட்டு வாங்க. உங்க அளவுக்குப் பிடிச்சுத் தர்றேன்.”

“புதுசு வேணாமா பாய்?”

“வெயில்ல வெளுத்த நிறத்தை எந்த மில்லுல தம்பி நெய்ய முடியும்?”